மடிக்கணினியும் மறதியும்

நம் விடுதி அறைகளில் இன்று மடிக்கணினி இல்லாத மேசை அரிது. வகுப்புக் குறிப்பு, ஆய்வுக் கணக்கு, வீட்டாருடன் பேச்சு, இரவில் ஒரு திரைப்படம் ஆகிய யாவும் அதனுள் அடக்கம். சில ஆண்டுகள் கழிந்ததும் அது தளர்நடை போடத் தொடங்குகிறது. புதிது வாங்கப் பணம் இல்லை. ‘இன்னொரு ராம் போட்டால் சரியாகிவிடும்’ என்று யாரேனும் சொல்கிறார்கள். போடுகிறோம். சில நாள் பறக்கிறது. பிறகு திடீரென்று நின்றுவிடுகிறது, திரை நீலமாகிறது, எழுதிக்கொண்டிருந்தது போய்விடுகிறது. ஏன்? எங்கே கோளாறு? அதை எப்படிக் கண்டுபிடிப்பது? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நான் கணினிப் பொறியாளன் அல்லன். இயற்பியல் படிக்கும் மாணவன். ஆயினும் இந்நோயால் ஒரு மாதம் அல்லலுற்றவன். அந்த அனுபவத்தையும் அதனால் கற்றதையும் உங்கள் முன் வைக்கிறேன்.

ஓட்டைக் குடங்களின் வரிசை

ராம் என்பது கணினியின் தற்கால நினைவு. வட்டில் உள்ளது நூலகத்து அலமாரி என்றால், ராமில் உள்ளது மேசைமேல் விரித்து வைத்த புத்தகம். மின்சாரம் நின்றால் மேசை வெறுமையாகிவிடும்.

இந்த நினைவின் அமைப்பு வியப்பானது. அமெரிக்க ஐ.பி.எம். நிறுவனத்தில் பணிபுரிந்த இராபர்ட் டென்னார்ட் என்பவர் 1966-இல் இதைக் கருதினார். 1968-இல் காப்புரிமை பெற்றார். ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி, இவ்விரண்டே ஓர் அறை. மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் ஒரு விடை, இல்லையேல் மற்றொரு விடை. 1 அல்லது 0. இதுவே ஒரு பிட். 8 ஜி.பி. ராமில் இத்தகைய அறைகள் 6,871 கோடி உள்ளன.

ஆனால் ஒரு குறை உண்டு. இந்த மின்தேக்கிகள் ஓட்டைக் குடங்கள். ஊற்றிய நீர் கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே வற்றுமுன் ஒவ்வொரு குடத்தையும் எட்டிப் பார்த்து, நீர் இருந்தால் மீண்டும் நிரப்ப வேண்டும். 64 மில்லி வினாடிக்கு ஒருமுறை எல்லாக் குடங்களையும் நிரப்புவது வழக்கம். அதாவது ஒரு வினாடிக்குப் பதினைந்து முறைக்கும் மேல். வெப்பம் மிகுந்தால் கசிவும் மிகும். ஆகையால் 85 பாகை செல்சியசுக்கு மேல் இரு மடங்கு விரைவாக நிரப்ப வேண்டும் என்பது விதி.

6,871 கோடிக் குடங்களில் ஒரே ஒரு குடத்தின் ஓட்டை மட்டும் சற்றுப் பெரியதாக இருந்தால் என்னாகும்? அடுத்த முறை நிரப்ப வருமுன் அது வற்றியிருக்கும். 1 என்று வைத்தது 0 ஆகியிருக்கும். கணினிக்கு அது தெரியாது. அதுவே உண்மை என்று நம்பி மேலே செல்லும்.

மான் யானையான கதை

ஒரு பிட் மாறினால் என்ன பெரிய கேடு என்று கேட்கலாம். தமிழெழுத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். யூனிகோடு முறையில் ‘ம’ என்னும் எழுத்தின் எண் 2990. ‘ய’ என்னும் எழுத்தின் எண் 2991. இரும எண்ணில் எழுதிப் பார்த்தால், கடைசி இலக்கம் ஒன்றில்தான் இவ்விரண்டுக்கும் வேறுபாடு. ஆகவே ‘மானை’ என்று நீங்கள் எழுதி வைத்ததில் முதல் எழுத்தின் ஒரே ஒரு பிட் புரண்டால், திரும்பப் படிக்கும்போது ‘யானை’ நிற்கும்! எழுத்துப் பிழை திருத்தியும் அதைப் பிழை என்று சொல்லாது.

எண்களில் இது இன்னும் கொடிது. கணினி பின்ன எண்களை 64 பிட்டுகளில் எழுதுகிறது. கடைசிப் பிட் புரண்டால் பதினாறாவது இலக்கம் அளவில் ஒரு சிறு மாற்றம், ஒருவரும் அறியார். பின்னப் பகுதியின் முதற் பிட் புரண்டால் 1.5 என்பது 1 ஆகிவிடும். அடுக்குப் பகுதியின் முதற் பிட் புரண்டால் 1 என்பது முடிவிலி ஆகிவிடும்.

புரண்ட பிட் இயங்கும் நிரலின் கட்டளையில் இருந்தால் கணினி நின்றுவிடும். அது நல்லூழ் என்றே சொல்வேன். நோய் வெளிப்பட்டுவிட்டதன்றோ? புரண்டது நம் ஆய்வெண்ணில் என்றால் கணினி நில்லாது, முனகாது. பொய்யை மெய்யாக எழுதி வைத்துவிடும்.

பெரிய சர்வர்களில் இதற்குக் காவல் உண்டு. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ரிச்சர்டு ஹாமிங் 1950-இல் வெளியிட்ட பிழைதிருத்தும் முறையை ஒட்டி, 64 பிட்டுகளோடு 8 பிட்டுகளைக் கூடுதலாக வைப்பார்கள். ஒரு பிட் தவறினால் தானே திருத்திக்கொள்ளும். இரண்டு தவறினால் அறிவிக்கும். ஈ.சி.சி. நினைவகம் என்பது இதுவே. நம் மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் இந்தக் காவல் இல்லை.

என் கதை

2024-ஆம் ஆண்டு மே மாதம். டில்லியின் வெயிலைப் பற்றி நம்மவர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. என் மடிக்கணினியில் 8 ஜி.பி. இருந்தது. ஆய்வுக் கணக்கு அதற்குள் அடங்கவில்லை. நகரில் ஒரு கடையில் இன்னொரு 8 ஜி.பி. வாங்கி வந்தேன். எங்கள் விடுதியில் திருநெல்வேலிப் பக்கத்துத் தம்பி ஒருவர் உண்டு, இளங்கலை இரண்டாமாண்டு. திருப்புளி பிடிப்பதில் வல்லவர். அவரே கழற்றிப் போட்டுக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் முதல் நீலத்திரை வந்தது. இரண்டு வாரத்தில் ஐந்து முறை. ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயர்: ஒருநாள் ‘மெமரி மேனேஜ்மென்ட்’, மறுநாள் ‘பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா’, பிறிதொரு நாள் ‘ஐ.ஆர்.க்யூ.எல். நாட் லெஸ் ஆர் ஈக்வல்’. நான் விண்டோசைத் துடைத்துப் புதிதாக ஏற்றினேன். பயன் இல்லை. ஒருநாள் காலையில் விண்டோசின் நினைவகச் சோதனையை ஒருமுறை ஓட்டினேன். ‘பிழை இல்லை’ என்றது. ராம் நல்லது எனின் குற்றம் யாருடையது? கழற்றியவருடையது! ‘நீ கை வைத்தபோதுதான் எதையோ கெடுத்துவிட்டாய்’ என்று அந்தத் தம்பியிடம் நான்கு பேர் முன்னிலையில் சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அதன்பின் என் அறைப் பக்கம் வரவும் இல்லை.

இதற்கிடையில் என் கணக்கில் ஒரு புதுமை தென்பட்டது. வெப்பநிலைக்கு எதிரே ஆற்றலை வரைந்த வளைகோட்டில், ஓரிடத்தில் சிறிய மேடு. யாரும் சொல்லாத ஒன்றைக் கண்டுவிட்டேன் என்று மகிழ்ந்தேன். என் ஆசிரியரிடமும் காட்டினேன். அவர், “மறுபடி ஓட்டிப் பார்த்தீரா?” என்று மட்டும் கேட்டார். அன்றிரவே ஓட்டினேன். அதே நிரல், அதே உள்ளீடு, தற்செயல் எண்களுக்கு அதே விதை எண். ஆகவே கடைசி இலக்கம் வரை அதே விடை வர வேண்டும். வரவில்லை. மேடு இருந்த இடத்தில் மேடு இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நிரலில் பிழை இருந்தால் பெரும்பாலும் இரண்டு முறையும் ஒரே தவறான விடை வரும். ஒரே கேள்விக்கு இருவேறு விடை வந்தால் பொறியையும் ஐயுற வேண்டும்.

நான்கு இரவுச் சோதனை

‘மெம்டெஸ்ட்86+’ என்று ஒரு சோதனை நிரல் உண்டு, இலவசமானது. அதை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்க வேண்டும். விண்டோஸ் இயங்காத நிலையில், ஏறத்தாழ நினைவு முழுவதிலும் பலவகைக் கோலங்களை எழுதி எழுதிப் படித்து ஒத்துப் பார்க்கும். இன்றைய மடிக்கணினிகளுக்கு அதன் 6-ஆம் பதிப்போ அதற்குப் பிந்தியதோ வேண்டும்.

முதல் இரவு, இரண்டு ராமும் உள்ளே. முதற் சுற்றில் பிழை இல்லை. இரண்டாம் சுற்றிலும் இல்லை. மூன்றாம் சுற்றில், நள்ளிரவு கடந்து, கணினி நன்றாகச் சூடேறிய பின் சிவப்பு வரி தோன்றியது. ஒரே ஒரு பிட்.

இரண்டாம் இரவு, பழைய ராம் மட்டும் முதல் ஸ்லாட்டில். விடியும்வரை பிழை இல்லை.

மூன்றாம் இரவு, புதிய ராம் மட்டும் அதே முதல் ஸ்லாட்டில். பிழை, அதே பிட்.

நான்காம் இரவு, புதிய ராம் மட்டும் இரண்டாம் ஸ்லாட்டில். மீண்டும் பிழை, மீண்டும் அதே பிட்.

பிழை ஸ்லாட்டைத் தொடரவில்லை. ராமைத் தொடர்ந்து சென்றது. ஆகவே குற்றம் புதிய ராமினுடையது. ஸ்லாட்டும் நல்லது, பழைய ராமும் நல்லது, தம்பியின் கையும் நல்லது. காலையில் ஒருமுறை ஓட்டிய சோதனை ஏன் பிடிக்கவில்லை? அது குளிர்ந்த கணினியில் ஒரே சுற்று. ஓட்டை பெரிதான குடம் வெப்பத்தில்தான் வற்றியது.

கடைக்காரர் சோதனைத் திரையின் புகைப்படத்தைப் பார்த்ததும் மறுபேச்சின்றி வேறு ராம் கொடுத்தார். அதையும் ஓரிரவு சோதித்த பின்னரே பயன்படுத்தினேன். புதிய ராம் போட்ட நாள் முதல் செய்த நாற்பது கணக்குகளையும் துறையிலுள்ள ஈ.சி.சி. கணினியில் மறுபடி ஓட்டினேன். மூன்று விடைகள் மாறின. அவற்றுள் ஒன்று என் அருமை மேடு.

நோயறியும் முறை

இனி, உங்களுக்கு இந்நிலை வந்தால் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, வாங்குமுன் இனம் அறிக. மடிக்கணினியில் இடும் ராமில் டி.டி.ஆர்.3 வகைக்கு 204 முனைகள், டி.டி.ஆர்.4 வகைக்கு 260, டி.டி.ஆர்.5 வகைக்கு 262. பள்ளமும் வேறு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்று மற்றொன்றின் ஸ்லாட்டில் ஏறாது. ஆயின் ஏறியும் ஏமாற்றுவது ஒன்று உண்டு. டி.டி.ஆர்.3 வகையில் 1.5 வோல்ட்டும் உண்டு, ‘எல்’ என்ற குறியுடைய 1.35 வோல்ட்டும் உண்டு. உருவம் ஒன்றே. 1.35 வோல்ட் மட்டுமே தரும் மடிக்கணினியில் 1.5 வோல்ட் ராமைப் போட்டால் தொடங்காமலும் போகலாம், தொடங்கித் தடுமாறவும் செய்யலாம். பழைய கணினி வைத்திருப்போர் இதைக் கவனிக்க. சில மெல்லிய கணினிகளில் ராம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் சேர்க்கவே இயலாது.

இரண்டாவது, வேகம். 2400 வேகத்து ராமோடு 3200 வேகத்து ராமைச் சேர்த்தால், பொதுவாக இரண்டும் மெதுவானதன் வேகத்தில் ஓடும். வேகமானதற்குக் கொடுத்த பணம் வீணே தவிர, அதுவே நோய்க்குக் காரணம் ஆகாது. ஆயினும் சில சோடிகள் தனித்தனியே நன்றாக ஓடி, சேர்ந்தால் பிணங்கும். தனிச் சோதனையில் இரண்டும் தேறி, கூட்டுச் சோதனையில் மட்டும் பிழை வந்தால் இதை ஐயுறுக.

மூன்றாவது, பொருத்தும் முறை. விண்டோசில் ‘ஷட் டவுன்’ கொடுத்தால் பல கணினிகள் முழுவதும் அணைவதில்லை. விரைவுத் தொடக்கத்துக்காகச் சிறிது நினைவை வட்டில் வைத்துக்கொள்ளும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்தால் முழுதும் அணையும். பின் சார்ஜரைப் பிடுங்குக; பேட்டரி இணைப்பையும் கழற்றுக. ஏதேனும் உலோகத்தைத் தொட்டு உடலின் நிலைமின்னைப் போக்குக. வட இந்தியக் குளிர்காலத்தில் கம்பளிச் சட்டையோடு ராமைத் தொடுவது பெரும் பிழை. பொன்முனைகளில் விரல் படலாகாது. சாய்வாக நுழைத்து, முனைகள் ஏறக்குறைய மறையும்வரை தள்ளி, பிறகு கீழே அழுத்தினால் இருபுறக் கொக்கிகளும் ‘டக்’ என்று பிடிக்கும். முதல் தொடக்கத்தில் திரை சில நிமிடம் இருண்டே இருந்தால் அஞ்ச வேண்டா. கணினி புதிய ராமோடு பழகிக்கொண்டிருக்கும்.

நான்காவது, நோய்க்குறியைப் பிரித்தறிக. தொடங்கவே இல்லையா? பெரும்பாலும் சரியாகப் பொருந்தவில்லை, அல்லது இனம் வேறு. கழற்றி மீண்டும் போடுக. தொடங்குகிறது, ஆனால் அளவு குறைவாகக் காட்டுகிறதா? பயாசில் எவ்வளவு காட்டுகிறது என்று பார்க்க. ஓடிக்கொண்டிருக்கையில் நிற்கிறதா? நிற்கும்போதெல்லாம் ஒரே பெயரும் ஒரே டிரைவரும் வந்தால் மென்பொருளை ஐயுறுக. பெயர்கள் மாறி மாறி வந்தால் ராமை ஐயுறுக. நிகழ்வுப் பதிவில் ‘கெர்னல் பவர் 41’ என்று இருந்தால், முறையாக அணையாமல் நின்றது என்பதே அதன் பொருள். காரணத்தை அது சொல்லாது. விண்டோஸ் 11-இல் 2025 முதல் நீலத்திரைக்குப் பதில் கருந்திரை வருகிறது, செய்தி ஒன்றே.

ஐந்தாவது, ஒருமுறைக்கு ஒரு மாற்றம். ராமையும் மாற்றி, விண்டோசையும் ஏற்றி, டிரைவரையும் புதுப்பித்தால் எது குணப்படுத்தியது என்று அறிய வழியில்லை. பழைய ராம் மட்டும் வைத்து இரண்டு நாள் பயன்படுத்துக. அப்போதும் நின்றால் குற்றம் வேறிடத்தில். திறந்தபோது ஏதேனும் இணைப்பு தளர்ந்திருக்கலாம், விசிறி தடைப்பட்டிருக்கலாம். நிற்கவில்லை எனின் மேற்சொன்ன நான்கு சோதனைகளைச் செய்க. ஒரு சுற்று போதாது. இரவு முழுவதும் ஓடட்டும். விண்டோசின் சோதனையையே பயன்படுத்துவோர் எஃப்1 விசையை அழுத்தி ‘எக்ஸ்டெண்டட்’ வகையைத் தேர்ந்து, சுற்றின் எண்ணிக்கையை 0 என்று வைத்தால் நிறுத்தும்வரை ஓடும். பென் டிரைவிலிருந்து தொடங்கப் பயாசில் ‘செக்யூர் பூட்’ என்பதை அணைக்க நேரலாம். அதற்கு முன் பிட்லாக்கர் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்க. இல்லையேல் உங்கள் வீட்டுக் கதவு உங்களுக்கே திறவாது.

ஆறாவது, ஐயம் எழுந்தவுடன் எழுதுவதை நிறுத்துக. நாம் படியெடுக்கும் கோப்பு ஒவ்வொன்றும் ராமின் வழியாகவே செல்கிறது. நோயுற்ற ராமோடு காப்புப் படி எடுத்தால் படியே பழுதாகலாம். நான் விண்டோசைப் புதிதாக ஏற்றியதும் இதனால் வீண் வேலையே. ஐயுற்ற ராமைக் கழற்றிவிட்டு, நல்லதை வைத்துக்கொண்டு படியெடுங்கள்.

அரிது என்று எண்ண வேண்டா

இது ஆயிரத்தில் ஒருவருக்கு வருவது என்று தள்ளிவிடலாகாது. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் பியாங்கா சுரோடரும் கூகுள் நிறுவனத்தாரும் 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அந்நிறுவனச் சர்வர்களின் ராம்களில் ஓர் ஆண்டில் 8 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை பிழை காட்டின. விண்வெளிக் கதிர் போன்ற தற்செயல் காரணங்களைவிட, ராமிலேயே நிலைத்த பழுதுதான் பெரும்பங்கு என்பதும் அவர்கள் முடிவு. நிலைத்த பழுது எனின் சோதித்தால் அகப்படும். சோதிக்காதவர்க்குத்தான் அது மறைவாக இருக்கிறது.

முடிவாக ஒரு சொல்

என் ஆசிரியரிடம் சென்று, மேடு பொய் என்று சொன்னேன். கடிந்துகொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் ஆய்வுக் குறிப்பேட்டைக் கேட்டார். “ராம் மாற்றிய தேதி இதில் எங்கே இருக்கிறது?” என்றார். இல்லை. தராசை மாற்றினால் எழுதுவோம், வெப்பமானியை மாற்றினால் எழுதுவோம். கணினியைக் கருவி என்றே நான் கருதவில்லை. அன்றே எழுதினேன்.

தம்பியிடம் செல்வதுதான் கடினமாக இருந்தது. நான்கு பேர் முன் சொன்னதை நான்கு பேர் முன்னிலையிலேயே திருப்பிக்கொள்ள வேண்டும் அன்றோ? உணவறையில் அவர் மேசைக்குச் சென்று, குற்றம் ராமினுடையது, தவறு என்னுடையது என்று சொன்னேன். “ஒண்ணு ஒண்ணா போட்டுப் பாக்கலாம்னு அன்னைக்கே சொல்ல வந்தேன் அண்ணே, நீங்க கேக்கிற மாதிரி இல்ல” என்றார். அன்று அவர் சொல்ல விட்டிருந்தால் மூன்று வாரம் மிஞ்சியிருக்கும்.

ஆகவே நண்பர்களே, உங்கள் மடிக்கணினிக்குப் புதிய ராம் போட்டால், முதல் நாள் இரவே அதைச் சோதனையில் விட்டுவிட்டு உறங்கச் செல்லுங்கள். பென் டிரைவ் என்னிடம் இருக்கிறது. வேண்டுவோர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கழற்றிப் பொருத்துவதற்குத் தம்பியும் இசைந்திருக்கிறார்.